அசையாத சின்னக் கை: ஊவாத் தோட்டங்களில் ஒரு கேள்வி

குழந்தை ஒரு கையை வீசி ஆட்டுகிறது; மற்றக் கை பக்கத்தில் போட்டது போட்டபடி கிடக்கிறது. பிறந்து சில நாளிலோ சில வாரத்திலோ தாய் இதைக் கவனிக்கிறாள். அல்லது குளிப்பாட்டும் பாட்டியோ பிள்ளை மடுவத்தில் பார்த்துக்கொள்ளும் ஆயாவோ முதலில் கண்டுபிடிக்கிறார். பதுளையிலும் அதைச் சுற்றிய ஊவாத் தோட்டங்களிலும் இதற்குக் கைவசம் சில விளக்கங்கள் உண்டு: உரம் விழுந்துவிட்டது, ஒருக்களித்துப் படுத்ததில் மரத்துவிட்டது, ஊசி போட்டதிலிருந்து இப்படி. ஆஸ்பத்திரிக்குப் போனால் இன்னொரு விளக்கமும் கிடைக்கலாம்: நரம்பில் அழற்சி.

இந்தக் கட்டுரை அந்தக் கடைசி விளக்கத்தை ஆராய்கிறது. கைக்குழந்தையின் தோள் நரம்புகளில் அழற்சி உண்டாகிக் கை தளர்வது மெய்யான நோய்தான். ஆனால் மிக அரிது. அதே தோற்றத்தில் வரும் வேறு கோளாறுகள் அதைவிடப் பன்மடங்கு அதிகம். அவற்றில் சில மணிக்கணக்கில் முற்றக்கூடியவை. ஆகவே என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தையின் தளர்ந்த கைக்கு ‘நரம்பு அழற்சி’ என்ற பெயரை, மற்ற எல்லாவற்றையும் பார்த்துக் கழித்த பிறகு கடைசியாகத்தான் வைக்க வேண்டும். ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு கெடு இருக்கிறது. லயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு உள்ள தூரம் அந்தக் கெடுவைத் தின்றுவிடுகிறது.

பிறப்பில் இழுபட்ட நரம்பு

கைக்கு உணர்வும் அசைவும் தரும் நரம்புகள் கழுத்திலிருந்து வருகின்றன. கழுத்தின் ஐந்தாவது முதல் எட்டாவது வரையான நான்கு வேர்களும் நெஞ்சின் முதல் வேரும் காறையெலும்புக்குப் பின்னால் கூடிப் பிரிந்து ஒரு பின்னலாகிக் கைக்குள் இறங்குகின்றன. மேல் வேர்கள் தோளை உயர்த்தவும் முழங்கையை மடக்கவும் உதவுகின்றன. கீழ் வேர்கள் மணிக்கட்டையும் விரல்களையும் ஆள்கின்றன. எந்த அசைவு போயிற்று என்று பார்த்தாலே எந்த வேர் அடிபட்டது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

பிறந்த நாளிலிருந்தே கை அசையாத குழந்தைக்கு முதலில் நினைக்க வேண்டியது அழற்சி அல்ல, இழுபட்ட காயம். தலை வெளியே வந்தபின் தோள் தாயின் இடுப்பெலும்பில் மாட்டிக்கொண்டால் கழுத்துக்கும் தோளுக்கும் இடையே நரம்புகள் இழுபடுகின்றன. கால் முன்னே வரும் பிரசவத்தில் தலை கடைசியாக வரும்போதும் இது நேரும். உலக அளவில் 1000 பிறப்புகளுக்கு ஒன்று இரண்டு என்ற கணக்கில் இது வருகிறது. மேல் வேர்கள் அடிபட்ட குழந்தையின் கை உடலோடு ஒட்டி, உட்பக்கம் திரும்பி, முழங்கை நீண்டு, உள்ளங்கை பின்னோக்கிக் கிடக்கும்; விரல்கள் மட்டும் அசையும், பற்றும்.

மருத்துவ நூல்களில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. ஸ்கொட்லாந்து மகப்பேற்று மருத்துவர் வில்லியம் ஸ்மெல்லி 1764ல் இப்படி ஒரு குழந்தையைப் பதிவு செய்தார். பிரெஞ்சு மருத்துவர் துஷென் 1872ல் இதைப் பிரசவத்தோடு தொடர்புபடுத்தி விளக்கினார். 1874ல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் எர்ப் எந்த வேர்கள் என்று காட்டினார். கீழ் வேர்கள் அடிபடும் வகையை 1885ல் விவரித்தவர், பாரிசில் அப்போது மருத்துவ மாணவியாக இருந்த அகஸ்தா கிளும்ப்கே. பெண்கள் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போட்டியிடவே போராட வேண்டியிருந்த காலம் அது. அவர் பெயர் அந்த நோயோடு நிலைத்திருப்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

இந்தக் காயத்தோடு பிறந்தவர்களில் உலகறிந்தவர் ஜெர்மனியின் கடைசிப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம். 1859 ஜனவரி 27ல் கால்முன் பிரசவத்தில் பிறந்தார். இடது கை வளரவில்லை; பெரியவரானபோது வலது கையைவிடச் சுமார் 15 சென்றிமீற்றர் குட்டையாக இருந்தது. குழந்தையாக இருந்தபோது, அப்போதுதான் கொன்ற முயலின் உடலுக்குள் அந்தக் கையை வைத்துச் சூடேற்றினார்கள், மின்சாரம் பாய்ச்சினார்கள், நல்ல கையைக் கட்டிப்போட்டார்கள். விக்டோரியா மகாராணியின் பேரனுக்கே அன்று கிடைத்த வைத்தியம் அவ்வளவுதான். இன்று பதுளையில் பிறக்கும் குழந்தைக்கு அதைவிட நல்ல வாய்ப்பு இருக்கிறது. வைத்தியம் வளர்ந்துவிட்டது, நேரத்துக்கு அதனிடம் போய்ச் சேர்வதுதான் பாக்கி.

தோட்டப் பகுதிக்கு இந்தக் காயம் பற்றிச் சிந்திக்கும்போது பாடநூலை அப்படியே பிரதி செய்யக் கூடாது. பெரிய குழந்தை, நீரிழிவுள்ள தாய் என்பதுதான் பாடநூலின் முதல் எச்சரிக்கை. தோட்டங்களிலோ எடை குறைந்து, அதாவது 2.5 கிலோவுக்குக் கீழே பிறக்கும் குழந்தைகளின் பங்கு நாட்டுச் சராசரியைவிட அதிகம். அதனால் ‘சின்னப் பிள்ளைதானே, தோள் மாட்டியிருக்காது’ என்ற எண்ணம் எளிதில் வந்துவிடும். ஆனால் தலைமுறை தலைமுறையாகப் போசாக்குக் குறைந்த தாய்மாரில் உயரம் குறைந்தவர்கள் பலர். பெரிய குழந்தை என்பது தாயின் உடலளவைப் பொறுத்தது. கால்முன் பிரசவத்தில் சிறிய குழந்தைக்கும் நரம்பு இழுபடும். கர்ப்பகால நீரிழிவும் இலங்கை முழுவதும் கூடிவருகிறது. தோட்டம் அதற்கு விலக்கல்ல.

நல்ல செய்தி ஒன்றையும் இங்கே பதிய வேண்டும். ஒரு காலத்தில் லயன் காம்பராவிலேயே மருத்துவச்சி கையில் நடந்த பிரசவங்கள் இன்று ஏறக்குறைய முழுவதுமாக ஆஸ்பத்திரிக்கு மாறிவிட்டன. ஆகவே பிறந்த அன்றே இரண்டு கைகளையும் ஒருவர் பார்க்கிறார். காறையெலும்பு முறிந்தாலும் குழந்தை கையை அசைக்காது. அது இரண்டு மூன்று வாரத்தில் தானாகக் கூடிவிடும். முறிவும் நரம்புக் காயமும் ஒன்றாக இருப்பதும் உண்டு. கை தளர்ந்ததோடு மூச்சு வாங்கினால் உதரவிதான நரம்பும் அடிபட்டிருக்கலாம். அதே பக்கக் கண்ணிமை தொங்கினால் வேர் தண்டுவடத்திலிருந்தே பிய்ந்திருக்கக்கூடும். இவற்றைக் கண்ட இடத்திலேயே கிளினிக் கார்டில் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால், ஆறு வாரம் கழித்துப் பார்க்கும் வைத்தியருக்கு இது பிறப்பில் வந்ததா, பின்னால் வந்ததா என்று தெரிய வழியில்லை. அந்த ஒரு விவரத்தின் மேல்தான் அடுத்த முடிவுகள் எல்லாம் நிற்கின்றன.

நன்றாக அசைந்த கை தளரும்போது

பிறந்தபோது இரண்டு கையும் நன்றாக அசைந்தன, மூன்றாம் வாரத்தில் அல்லது இரண்டாம் மாதத்தில் ஒரு கை மட்டும் விழுந்துவிட்டது என்றால் கேள்வியே மாறிவிடுகிறது. இங்கே முதலில் தேட வேண்டியது எலும்பிலும் மூட்டிலும் கிருமித் தொற்று.

கைக்குழந்தைகளில் புயத்தெலும்பின் மேல்முனையில் சீழ் பிடிப்பது தெரிந்த நோய். பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஸ்டாஃபிலோகாக்கஸ் ஓரியஸ் என்ற கிருமிகள் பெரும்பாலும் காரணம். பெரிய பிள்ளையாக இருந்தால் காய்ச்சல் கொதிக்கும், தோள் வீங்கிச் சிவக்கும். ஒரு மாதக் குழந்தையிடம் இவை எதுவும் இல்லாமலே போகலாம். காய்ச்சல் இல்லை, பாலும் ஓரளவு குடிக்கிறது; கையை மட்டும் அசைக்கவில்லை, உடுப்பு மாற்றும்போது வீறிட்டு அழுகிறது. வலியால் அசைக்காமல் இருப்பதைப் பார்த்தவர்கள் வாதம் என்று நினைத்துவிடுகிறார்கள். சில குழந்தைகளில் உண்மையாகவே அருகிலுள்ள நரம்புப் பின்னலும் பாதிக்கப்படுகிறது. தொற்றின் வீக்கமும் நரம்புக்கு இரத்தம் தரும் நுண்குழாய்கள் அடைபடுவதும் அதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. கைக்குழந்தையின் நரம்பு அழற்சி என்று மருத்துவ இதழ்களில் வந்த பதிவுகளில் கணிசமானவை இப்படி எலும்புத் தொற்றோடு சேர்ந்தவை.

இதன் ஆபத்து குழந்தையின் எலும்பமைப்பில் இருக்கிறது. ஏறத்தாழ ஒன்றரை வயது வரை எலும்பின் தண்டுப் பகுதியிலிருந்து இரத்தக் குழாய்கள் வளர்தட்டைக் கடந்து முனைக்குப் போகின்றன. கிருமி அந்த வழியில் நடந்து மூட்டுக்குள்ளேயே போய்விடும். ஓரிரு நாள் தாமதம் தோளின் வளர்ச்சியையே ஆயுளுக்கும் கெடுத்துவிடக்கூடும். முதல் வாரத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு சரியாகவே தெரியலாம்; மாற்றம் தெரிய 7 முதல் 10 நாள் ஆகும். ஆகவே ‘படத்தில் ஒன்றுமில்லை’ என்று அனுப்பப்பட்ட குழந்தை மறுநாளும் கையை அசைக்கவில்லையென்றால் திரும்பக் கொண்டுபோக வேண்டும். இரத்தப் பரிசோதனையும் தோள் மூட்டின் ஸ்கானும் முன்னதாகவே சொல்லிவிடும். கண்டுபிடித்தால் வைத்தியம் உண்டு: சீழை வெளியேற்றுதல், பல வாரங்கள் நுண்ணுயிர்க்கொல்லி. நரம்பின் தளர்ச்சியும் பெரும்பாலும் மெல்ல மீண்டுவிடும்.

வலியால் வரும் இதே பொய்யான கைவாதத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிசின் ஜூல் பாரோ என்ற குழந்தை மருத்துவர் வேறொரு நோயில் விவரித்தார். தாயிடமிருந்து வரும் சிபிலிஸ் எலும்பைத் தாக்கினால் குழந்தை கையை அசைக்காது. இலங்கை இதில் பெருமைப்பட ஒரு காரணம் உண்டு. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2019ல் சான்றளித்தது. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் கிளினிக்கில் இரத்தம் எடுக்கும் வழக்கம் தந்த பலன் அது.

எலும்பும் மூட்டும் சுத்தம் என்று உறுதியான பிறகுதான் உண்மையான நரம்பு அழற்சியின் முறை வருகிறது. 1948ல் பார்சனேஜ், டர்னர் என்ற இரு பிரித்தானிய மருத்துவர்கள் 136 பேரின் விவரங்களைத் தொகுத்து வெளியிட்டார்கள். பெரும்பாலானோர் உலகப் போர்க்கால இராணுவத்தினர். திடீரென்று தோளில் தாங்க முடியாத வலி, சில நாளில் வலி குறைந்து கை தளர்ச்சி, பிறகு தசை மெலிவு என்பதே அந்தச் சித்திரம். ஒரு சளிக்காய்ச்சலுக்குப் பின், சத்திரசிகிச்சைக்குப் பின், பிரசவத்துக்குப் பின், உடலின் தற்காப்பு அமைப்பே நரம்பைத் தாக்குவதால் இது வருகிறது என்பது இன்றைய புரிதல். ஆண்டுக்கு லட்சத்தில் இரண்டு மூன்று பேருக்கு வரும் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். நெதர்லாந்தில் குடும்ப வைத்தியர்களுக்கு இதை அடையாளம் காணப் பயிற்சி கொடுத்துவிட்டுக் கணக்கெடுத்தபோது ஆயிரத்தில் ஒருவர் என்று 2015ல் முடிவு வந்தது. பார்க்கத் தெரிந்தவர் கண்ணில்தான் நோய் படுகிறது என்பதால், ‘கடைசியாகச் சொல்ல வேண்டும்’ என்ற என் வாதத்தை ‘சொல்லவே வேண்டாம்’ என்று யாரும் படிக்கக் கூடாது.

குழந்தையிடம் இந்த நோய் முகம் மாறி வருகிறது. வலிக்கிறது என்று அது சொல்லாது. காரணம் தெரியாத அழுகை, பால் குடிக்கும்போது ஒரு பக்கம் திருப்பினால் மட்டும் வீறிடல், பிறகு அசையாத கை. சில குழந்தைகளில் வலியின் அடையாளமே இருப்பதில்லை. குடும்பத்தில் ஓடும் வகையும் உண்டு. பதினேழாவது குரோமோசோமில் உள்ள செப்டின்-9 என்ற மரபணுவின் மாற்றம் அதற்கு ஒரு காரணம் என்று 2005ல் கண்டறியப்பட்டது. ஆகவே வைத்தியர் குழந்தையைப் பார்த்த கையோடு தாயிடமும் கேட்க வேண்டும்: பிரசவத்துக்குப் பின் உங்கள் தோளில் கடும் வலி வந்து கை மெலிந்ததா? உங்கள் வீட்டில் யாருக்காவது அப்படி? கூடை சுமக்கும் தாய்க்குத் தோள்வலி வேலையோடு வந்தது என்றே எல்லோரும் எடுத்துக்கொள்வதால், கேட்டால் ஒழிய இந்தப் பதில் வெளியே வராது.

வைத்தியம் பற்றி நேர்மையாகச் சொல்வதென்றால், இந்த அழற்சிக்கு ஸ்டீராய்ட் மருந்து பயன் தருகிறதா என்பதற்கு உறுதியான ஒப்பீட்டுச் சோதனைகள் இல்லை. குழந்தைகளில் அறவே இல்லை. வலியைத் தணித்தல், மூட்டு இறுகாமல் பயிற்சி, காத்திருத்தல் என்பவையே அடிப்படை. நரம்பு நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீற்றர்தான் மீண்டும் வளரும். குழந்தையின் கை குட்டை என்பது இங்கே ஒரு வரம். எலும்புத் தொற்றைப் பார்க்காமல் ஸ்டீராய்டைத் தொடங்கினால் கிருமிக்கு வழிவிட்டதாகும். பெயர் வைப்பதில் அவசரம் கூடாது என்று நான் வற்புறுத்துவதன் உயிர்க் காரணம் இதுதான்.

போலியோ விட்டுச்சென்ற வலை

இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி பதிவானது 1993ல். 2014 மார்ச் 27ல் இந்தியாவோடு சேர்ந்து தென்கிழக்காசியப் பிராந்தியம் முழுவதும் போலியோ அற்றது என்று சான்று பெற்றது. அதன் பிறகும் ஒரு வேலை நிற்கவில்லை. 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட எந்தப் பிள்ளைக்கும் கையோ காலோ திடீரென்று துவண்டால் அதை அறிவிக்க வேண்டும். தளர்ச்சி தொடங்கி 14 நாளுக்குள், குறைந்தது 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மல மாதிரிகள் எடுத்துக் குளிரில் வைத்துக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்ப வேண்டும். 60 நாள் கழித்துப் பிள்ளையை மீண்டும் பார்க்க வேண்டும்.

கைக்குழந்தையின் தளர்ந்த கையும் இந்த வலைக்குள் வருவதுதான். பிறப்பில் வந்த காயம் என்று தெளிவாகத் தெரிந்தால் தேவையில்லை. பின்னால் வந்த தளர்ச்சி என்றால் தேவை. கியான்-பரே என்ற நரம்பு நோய் கைக்குழந்தைகளில் அரிது. வந்தால் பெரும்பாலும் கால்களில் தொடங்கி இரு பக்கமும் பரவும். ஒரு கை மட்டும் என்றால் போலியோவும் அதன் உறவுக் கிருமிகளும் நினைவுக்கு வர வேண்டும். 2014ல் அமெரிக்காவில் சளிக்காய்ச்சலைத் தொடர்ந்து பிள்ளைகளின் கைகள் விழுந்தன. அப்போது பரவியிருந்த எண்டெரோவைரஸ் டி68 மேல் சந்தேகம் போனது.

இங்கே ஊசி பற்றிய பேச்சையும் தீர்த்துவிட வேண்டும். போலியோ பரவியிருந்த காலத்தில், தசையில் ஊசி போட்ட உறுப்பிலேயே வாதம் வந்ததை 1950ல் பிரித்தானிய ஆய்வாளர்கள் கணக்கெடுத்துக் காட்டினார்கள். பாட்டிமாரின் சந்தேகத்துக்குப் பின்னால் உண்மையான ஒரு காலம் இருந்திருக்கிறது; அவர்களைப் பழித்துப் பயனில்லை. அந்த ஆபத்துக்குத் தேவையான போலியோ வைரஸ் இன்று இங்கே சுற்றுவதில்லை. பிறந்தவுடன் இடது புயத்தில் போடும் பிசிஜி தோலுக்குள் நிற்பது; நரம்புப் பின்னலை எட்டாது. மிக அரிதாக, மாதங்கள் கழித்து அந்தக் கிருமி எலும்பைப் பற்றுவதுண்டு. அதையும் ஆஸ்பத்திரியில்தான் கண்டுபிடிக்க முடியும். ஊசியைப் பழித்து வீட்டில் இருந்துவிட்டால் குழந்தை இரண்டை இழக்கிறது: ஒன்று தடுப்பூசி, மற்றொன்று மெய்யான காரணம் கண்டுபிடிக்கப்படும் வாய்ப்பு.

போலியோ வலையைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. ஒரு நோய் முக்கியம் என்று முடிவெடுத்தால், மடுல்சீமை மலையுச்சியில் துவண்ட ஒரு காலின் செய்தி கொழும்புக்கு உரிய நேரத்தில் போய்ச் சேரும்படி இந்த நாட்டால் ஏற்பாடு செய்ய முடிகிறது. அந்த மல மாதிரியோடு குழந்தையின் கையும் நல்ல வைத்தியரிடம் போய்ச் சேர வேண்டாமா?

மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு

2012 குடிசன மதிப்பீட்டில் பதுளை மாவட்டத்தில் எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோர். அவர்களில் ஐந்தில் ஒன்றுக்குச் சற்றே குறைவானோர் மலையகத் தமிழர். லுணுகலை, பசறை, நமுனுகுலை, பூணாகலை, கொஸ்லந்தை, அப்புத்தளை என்று மலைமடிப்புகளில் சிதறியிருக்கும் லயங்களில் பலர் இன்னமும் வாழ்கிறார்கள். தோட்டத்து மருத்துவம் மிக நீண்டகாலம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாகவே இருந்தது. அரசு ஏற்கும் பணி 1990களில் தொடங்கி இன்னும் முழுமையாகவில்லை. பல தோட்டங்களில் இருப்பது ஒரு டிஸ்பென்சரி, ஒரு வைத்திய உதவியாளர், குடும்பநல மருத்துவமாது ஒருவர். அதற்கு மேல் என்றால் பிரதேச ஆஸ்பத்திரி, பிறகு தியத்தலாவை, கடைசியாகப் பதுளைப் பெரியாஸ்பத்திரி. எம்.ஆர்.ஐ. படம், நரம்பு மின்சோதனை, குழந்தை நரம்பியல் நிபுணர் என்று தேவைப்பட்டால் கண்டிக்கும் கொழும்புக்கும் போக வேண்டி வரலாம். பதுளையிலிருந்து கொழும்புக்கு 1924ல் ஓடத் தொடங்கிய ரயில் இன்றும் சுமார் 290 கிலோமீற்றரைப் பத்து மணி நேரத்தில் கடக்கிறது. கைக்குழந்தையோடு போய்வரும் தாய்க்கும் தகப்பனுக்கும் எத்தனை நாள் பேர் (நாட்சம்பளம்) போகும், எவ்வளவு கடன் ஏறும் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

மழைக்காலத்தில் நிலைமை இன்னும் கடினம். 2014 அக்டோபர் 29ல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களையே மூடியது. அந்த அளவுக்குப் போகாத சிறு சரிவுகள் ஒவ்வோர் ஆண்டும் தோட்ட வழிகளை அடைக்கின்றன. 1990 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் பெரிய பாதை வரை வரும். அங்கிருந்து லயம் வரைக்கும் ஓட்டோ, கொழுந்து லொறி, அதுவும் இல்லையென்றால் கால்நடை.

மொழி இன்னொரு மலை. தாய் தமிழில் சொல்வதை வைத்தியர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வாங்குகிறார். நடுவில் நிற்பவர் ஒரு தாதி, சிற்றூழியர், அல்லது பக்கத்துக் கட்டில்காரர். ‘பொறந்தப்ப நல்லாத்தான் ஆட்டுச்சு’ என்ற ஒரு வாக்கியம் அந்த வழியில் தவறிவிட்டால், எலும்புத் தொற்று பிரசவக் காயமாகிவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர் பதவி வார்டில் ஓர் ஆடம்பரம் அல்ல. நோயறிதலின் ஒரு பகுதி.

பிறகு உரம் எடுத்தல். தமிழ்நாட்டுக் கிராமங்களில் இருந்து தலைமுறைகளாக வந்த வழக்கம்: குழந்தையைச் சேலையில் போட்டு உருட்டுவது, முறத்தில் இட்டுப் புடைப்பது, எண்ணெய் தேய்த்துக் கழுத்தையும் கையையும் வழிப்பது. கழுத்தில் சாதாரணப் பிடிப்பு என்றால் குழந்தை தானாகவே ஓரிரு நாளில் தேறிவிடும், உரம் எடுத்தவருக்கு நல்ல பெயர் கிடைக்கும். சீழ் பிடித்த மூட்டை வழித்தாலும், முறிந்த காறையெலும்பை இழுத்தாலும் கேடுதான். அதைவிடப் பெரிய கேடு, மூன்று காலை தொடர்ந்து வழித்துப் பார்ப்போம் என்று காத்திருக்கும் அந்த மூன்று நாள். எண்ணெய் வேண்டாம் என்று சொல்லவில்லை. கை அசையாத குழந்தையை முதலில் காட்டிவிட்டு வந்து தேய்க்கலாம்.

கெடு எங்கே தவறுகிறது

பிரசவக் காயத்தில் முக்கால்வாசி அளவுக்குக் குழந்தைகள் தானாகவே நன்றாக மீள்கிறார்கள். மீளாதவர்களைக் கண்டுபிடிக்கும் அளவுகோல் எளிது. மூன்றாம் மாத முடிவில் குழந்தை முழங்கையைத் தானாக மடக்குகிறதா? 1980களில் பிரெஞ்சு சத்திரசிகிச்சை நிபுணர் அலேன் ஜில்பேரும் அவருடைய சகாக்களும் இந்த அளவுகோலை நிலைநிறுத்தினார்கள். மடக்கவில்லையென்றால் நிபுணரிடம் அனுப்ப வேண்டும். மூன்று முதல் ஒன்பது மாதத்துக்குள் கெண்டைக்கால் நரம்பை எடுத்து ஒட்டுதல், பக்கத்து நரம்பைத் திருப்பி இணைத்தல் போன்ற சத்திரசிகிச்சைகள் பலன் தருகின்றன. ஒன்றரை வயதைக் கடந்தால் நரம்பு வந்து சேரும்போது தசை அதை ஏற்கும் நிலையில் இருக்காது. தமிழ்பேசும் உலகில் இந்தத் துறையில் பெயர் பெற்றது கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை.

இப்போது தோட்டத்து நாட்காட்டியை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தடுப்பூசி நாட்கள் இரண்டாம், நான்காம், ஆறாம் மாதங்களில் வருகின்றன. தீர்மானிக்க வேண்டிய மூன்றாம் மாதம் இடையில் விழுந்துவிடுகிறது. பிரசவ விடுமுறை 84 நாள். அதுவும் ஏறக்குறைய அந்தக் கட்டத்தில்தான் முடிகிறது. தாய் கொழுந்துக்குப் போகிறாள், பிள்ளை மடுவத்துக்குப் போகிறது. கையைக் கவனித்துவந்த ஒரே கண் அன்றோடு மலையேறிவிடுகிறது. என் பார்வையில் ஊவாத் தோட்டங்களில் இந்தக் குழந்தைகளை இழக்கும் இடம் இதுவே. பெரியாஸ்பத்திரியில் அறிவுக்குக் குறைவில்லை. மூன்றாம் மாதத்தில் கேட்க ஆளில்லை.

இதைச் சரிசெய்யப் புதிய கட்டடம் வேண்டாம். மாதா மாதம் நிறை பார்க்கும் நாள் இருக்கிறது. மூன்றாம் மாதத்து நிறை நாளில் மருத்துவமாது குழந்தையின் இரண்டு கைகளையும் அசையவிட்டுப் பார்க்கட்டும். இரண்டு முழங்கைகளும் தாமாக மடங்குகின்றனவா என்று சற்று நேரத்தில் தெரிந்துவிடும். கிளினிக் கார்டில் அதற்கு ஒரு வரி போதும். பிள்ளை மடுவத்தில் குழந்தையை ஏற்கும் முதல் நாளில் ஆயாவும் இரண்டு கைகளையும் பார்த்துப் பதிய வேண்டும். சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர்களுக்கு ஏற்கனவே நடக்கும் பயிற்சியில் அரைநாள் இதற்கு ஒதுக்கலாம்.

வீட்டுப் பயிற்சி தாய்க்கும் பாட்டிக்கும் தெரிந்திருக்க வேண்டும். வலி இல்லை, முறிவு இல்லை என்று வைத்தியர் சொன்ன பிறகு, துணி மாற்றும் ஒவ்வொரு முறையும் தோளையும் முழங்கையையும் மணிக்கட்டையும் மெல்ல முழு அளவுக்கு அசைத்துவிட வேண்டும். சட்டை போடும்போது தளர்ந்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது கடைசியில் எடுக்க வேண்டும். கையைப் பிடித்துத் தூக்கவே கூடாது. அந்தக் கையில் உணர்வு குறைந்திருக்கலாம் என்பதால் குளிப்பாட்டும் வெந்நீரின் சூட்டை நல்ல கைப்பக்கம் பார்க்காமல் பெரியவர் தம் முழங்கையில் பார்க்க வேண்டும். தளர்ந்த கைக்குள் கிலுகிலுப்பையை வைத்து விளையாடவிட வேண்டும். அந்தக் கை தனக்கு உண்டு என்பதைக் குழந்தை மறந்துவிடக் கூடாது.

பிறந்தபோது ஆட்டிய கையைக் குழந்தை இன்று ஆட்டவில்லையென்றால், தொட்டால் அழுதால், பால் குறைந்தால், தோள் வீங்கினால், காலும் துவண்டால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கே பதுளைக்கோ தியத்தலாவைக்கோ கொண்டுபோங்கள். போனதும் முதல் வார்த்தையாக, பிறந்தபோது கை அசைந்ததா இல்லையா, எந்த நாளிலிருந்து நின்றது என்பதைச் சொல்லுங்கள். தோட்ட நிர்வாகங்களிடம் கேட்பது ஒன்றுதான்: அந்த நாளில் தாய்க்கும் தகப்பனுக்கும் பேர் வெட்டாதீர்கள்.